தோசைக்கல்லைத் தொட்ட கை யாரைக் கேட்கிறது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி மாடியில் சூப்பர்வைசர்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பு அது. வகுப்பெடுக்க வந்தவர் பலகையில் ஒரு மனித உருவத்தை வரைந்தார். தலைக்கு நேராக ‘எம்.டி.’ என்று எழுதினார். கண்ணுக்கு மெர்ச்சண்டைசர் (பையரிடம் பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்பவர்), வயிற்றுக்கு அக்கவுண்ட்ஸ், கைகளுக்கு டெய்லர், செக்கிங், அயர்னிங். “நிறுவனம் ஒரு உடம்பு மாதிரிங்க. தலை சொல்வதைக் கை செய்ய வேண்டும். கை தன் இஷ்டத்துக்கு ஆடினால் அதற்குப் பெயர் நோய்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. அவர் நிறுவனத்தைப் பற்றிச் சொன்னது சரியா தப்பா என்பது பிறகு. உடம்பைப் பற்றிச் சொன்னதே தப்பு. உடம்பு அப்படி நடப்பதில்லை. தலையிலிருந்து கைக்கு ஒரே திசையில் உத்தரவு இறங்கும் உடம்பு ஒரு நாள் கூட உயிரோடு இருக்காது.

‘ஆர்கானிக் வளர்ச்சி’, ‘கம்பெனி டிஎன்ஏ’, ‘ஃபீட்பேக் கொடுங்க’, ‘வலுத்தவன்தான் பிழைப்பான்’ என்று உயிரியல் வாசம் அடிக்கும் சொற்கள் இன்று எல்லா மீட்டிங்கிலும் புழங்குகின்றன. சொல் வந்துவிட்டது, அதன் பொருள் வரவில்லை. நிறுவனங்களில் செய்தி எப்படி ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்பதை ஆராய்ந்தவர்கள் உயிரியலிடமிருந்து உண்மையிலேயே கற்றுக்கொண்டது என்ன என்பதை நம் ஊர் உதாரணங்களோடு சொல்கிறேன். உயிரியல் தெரியாதவர்களுக்காகவே எழுதுகிறேன்.

## கை முதலில், மூளை பிறகு

சூடான தோசைக்கல்லில் விரல் படுகிறது. தோலில் இருக்கும் நரம்பு அந்தச் செய்தியை முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்துக்குக் கொண்டுபோகிறது. தண்டுவடமே கைத்தசைக்கு ‘இழு’ என்று சொல்லிவிடுகிறது. அதே செய்தி மூளைக்கும் போகிறது, ஆனால் ‘ஐயோ, சுட்டுவிட்டது’ என்று நமக்கு உறைப்பதற்குள் கை விலகி முடிந்திருக்கும். பள்ளிப் பாடத்தில் இதற்கு அனிச்சைச் செயல் என்று பெயர் படித்திருப்போம். தோசைக்கல்லைத் தொட்ட கை தலையிடம் அனுமதி கேட்பதில்லை. தலைக்குத் தகவல் மட்டும் போகிறது.

இன்னொன்று, நாம் சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கணையம் அதைத் தானே உணர்ந்து இன்சுலினைச் சுரக்கிறது. சர்க்கரை இறங்கினால் வேறொரு சுரப்பைக் கூட்டுகிறது. மூளையின் நரம்புகளுக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு, ஆனால் அடிப்படை வேலையைக் கணையம் தன் இடத்திலேயே முடித்துக்கொள்கிறது. குடலுக்கென்றே கோடிக்கணக்கான நரம்புச் செல்கள் கொண்ட தனி வலைப்பின்னல் இருக்கிறது. சோறு எந்த வேகத்தில் நகர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அது பார்த்துக்கொள்கிறது.

அந்தப் பலகைப் படத்தைத் திருத்தினால் இப்படி வரும். உடம்பு முழுக்க சின்னச் சின்னப் பேச்சு வட்டங்கள். ஒவ்வொன்றும் தன் இடத்தில் உணர்ந்து, தன் இடத்தில் சரிசெய்து, மேலே தகவல் மட்டும் சொல்லும். ஜப்பானின் டொயோட்டா ஆலைகளில் கோளாறைக் கண்ட எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுக்கலாம், அல்லது பொத்தானை அழுத்தலாம். உடனே லீடர் ஓடி வருவார், சரியாகாவிட்டால் லைனே நிற்கும். தலைமை அலுவலகத்துக்குச் செய்தி போய்த் திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தண்டுவடம் செய்யும் வேலைதான் அது.

## ஃபீட்பேக் என்றால் பாராட்டோ திட்டோ அல்ல

அதிகம் தவறாகப் புழங்கும் சொல் இதுதான். ஆண்டுக்கு ஒரு முறை உட்காரவைத்து ‘உங்களிடம் இது நன்றாக இருக்கிறது, இது சரியில்லை’ என்று சொல்வதை ஃபீட்பேக் என்கிறோம். மூலப் பொருள் வேறு. ஒரு செயலின் விளைவே திரும்பி வந்து அடுத்த செயலை மாற்றினால் அதற்குப் பின்னூட்டம் என்று பெயர். திரும்பி வந்தும் எதுவும் மாறவில்லையென்றால் அது பின்னூட்டம் ஆகாது.

சித்திரை மாத மத்தியானம், ஊத்துக்குளி ரோட்டில் மொபெட்டில் போகிறீர்கள். உடம்புச் சூடு 37 டிகிரியைத் தாண்டப் பார்க்கிறது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ் அதைக் கண்டதும் தோலுக்கு ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது, வேர்வையைத் திறந்துவிடுகிறது. சூடு இறங்கியதும் அதே இடம் வேர்வையைக் குறைக்கிறது. மொட்டைமாடித் தொட்டியில் மிதக்கும் பந்து, தண்ணீர் நிறைந்ததும் குழாயை அடைக்கிறதே, அதே கணக்கு. உடம்பு தன் உள்நிலையை இப்படிக் கட்டிக்காப்பதற்கு உள்சமநிலை என்று பெயர். உடலுக்குள் நிலையான ஓர் உள்சூழல் இருக்கிறது என்று 19-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார்ட் சொன்னார். 1920-களில் அமெரிக்கரான வால்டர் கேனன் அதற்குப் பெயரும் விளக்கமும் கொடுத்தார். கேனனோடு வேலை பார்த்த மெக்சிகோ உடலியலாளர் ஆர்த்துரோ ரோசன்புளூத், கணித மேதை நார்பர்ட் வீனருக்கு நெருங்கிய நண்பர். அந்த நட்பில் விளைந்த சிந்தனைதான் 1948-ல் வீனர் எழுதிய சைபர்நெட்டிக்ஸ். விலங்கிலும் எந்திரத்திலும் செய்தி எப்படிக் கட்டுப்பாடாக மாறுகிறது என்பதைச் சொல்லும் துறை அது. நிறுவனங்களைப் பற்றிய ஆய்வுக்குள் பின்னூட்டம் நுழைந்தது இந்த வழியில்தான்.

பின்னூட்டத்தில் இரண்டு வகை உண்டு. விலகலைக் குறைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எதிர்ப் பின்னூட்டம், வேர்வை மாதிரி. விலகலை மேலும் பெருக்குவது நேர்ப் பின்னூட்டம். பிரசவ வலி நேர்ப் பின்னூட்டம்: கருப்பை இறுகினால் ஆக்சிடோசின் கூடும், ஆக்சிடோசின் கூடினால் கருப்பை இன்னும் இறுகும், குழந்தை வெளியே வந்த பிறகுதான் அது ஓயும். ஆகவே ‘நெகட்டிவ் ஃபீட்பேக்’ என்றால் குறை சொல்வது, ‘பாசிட்டிவ்’ என்றால் பாராட்டு என்று நினைத்தால் பொருள் தலைகீழாகிவிடும். உயிரைக் காப்பது பெரும்பாலும் எதிர்ப் பின்னூட்டம்தான்.

கம்பெனிக்குள் நேர்ப் பின்னூட்டத்தைப் பார்க்க வேண்டுமா? ‘யூனிட்டை மூடப் போறாங்களாம்’ என்று ஒருவர் டீக்கடையில் சொல்கிறார். நாலு பேர் பாக்கிச் சம்பளத்தைக் கேட்டு நிற்கிறார்கள். முதலாளி எரிச்சலில் பதில் சொல்லாமல் உள்ளே போகிறார். ‘பார்த்தீங்களா, மூஞ்சியே சரியில்லை’ என்று நாற்பது பேர் நிற்கிறார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. செய்தி தன்னையே தீனியாகத் தின்று பெருகுகிறது, அவ்வளவுதான். ஒருவர் வெளியே வந்து நடந்ததைச் சொல்லும்வரை அது நிற்காது.

## ஜன்னலோரம் போன பீஸ்

இது நான் கண்ணால் பார்த்தது. அப்போது நான் மெர்ச்சண்டைசிங்கில் இருந்தேன். ஐரோப்பிய பையர் ஒருவருக்கு நேவி புளூ டி-ஷர்ட் ஓடிக்கொண்டிருந்தது. உடம்புக்கு சிங்கிள் ஜெர்சி, கழுத்துக்கு இழுபடும் ரிப்புத் துணி. இரண்டும் வேறு வேறு நிட்டிங், சாயப்பட்டறையிலும் வேறு வேறு லாட், அதாவது தனித்தனியாகச் சாயம் ஏற்றியவை. டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே நீலமாகத்தான் தெரிந்தது.

செக்கிங் டேபிளில் ஒரு பெண். சென்னிமலைப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வந்து போகிறவர். ஒரு பீஸைக் கையில் எடுத்தார், புரட்டினார், கழுத்தை உடம்புத் துணிமேல் மடித்து வைத்துப் பார்த்தார். எழுந்து ஜன்னலோரம் போனார். பகல் வெளிச்சத்தில் கழுத்து மட்டும் லேசாகச் செம்மை கலந்த நீலம்.

“ஏனுங்ணா, இந்தக் கழுத்து ரிப்பு சேடு வேற மாதிரி தெரியுதுங்க.”

“டையிங்ல பார்த்துத்தான் அனுப்பியிருப்பாங்க அம்மிணி. நீ ஓட்டை, கறை, தையல் விட்டதை மட்டும் பாரு. டேபிள்ல பீஸ் குமியுது” என்றார் சூப்பர்வைசர்.

“சரிங்ணா.”

மூன்று நாள் கழித்து பையரின் ஆள் அட்டைப்பெட்டியைப் பிரித்து, பகல் வெளிச்சம் தரும் லைட்பாக்ஸில் பீஸை வைத்தார். முழு ஆர்டரும் நின்றது. கழுத்தைப் பிரித்து வேறு ரிப்பு வைத்துத் தைத்தோம். கப்பல் போய்விட்டது, விமானத்தில் அனுப்ப வேண்டி வந்தது. அந்த ஆர்டரில் மிஞ்ச வேண்டியதெல்லாம் விமான வாடகைக்குப் போனது.

உடலியல் கண்ணோடு இதைப் பாருங்கள். ஒரு பின்னூட்ட வட்டம் வேலை செய்ய நான்கு வேண்டும்: உணரும் இடம், ஒப்பிட ஓர் அளவு, செய்தி போகும் பாதை, சரிசெய்யும் கை. உணரும் இடம் அந்தப் பெண்ணின் கண். மிகச் சிறந்த கண். ஆனால் ஒப்பிட வேண்டிய அளவு, பையர் ஒப்புக்கொண்ட சாம்பிள், மாடியில் என் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. பாதை ஒரே ஒரு சூப்பர்வைசர் வழியாக மட்டும், அவருக்கோ மணிக்கு எத்தனை பீஸ் என்பதே கணக்கு. சரிசெய்யும் கை சாயப்பட்டறையில், ஊருக்கு வெளியே. சாதாரணமாக இந்த இடத்தில் ‘கம்யூனிகேஷன் கேப்’ என்று சொல்லி எழுந்துபோவோம். அந்தச் சொல் எதையும் காட்டிக்கொடுக்காது. வட்டத்தின் நான்கில் எது அறுந்தது என்று கேட்டால் பதில் கிடைக்கும். எங்கள் விஷயத்தில் இரண்டு அறுந்திருந்தன, அதில் ஒன்றின் சாவி என்னிடம் இருந்தது.

இதுவரை சொன்னதை ஒரு வரியில் பிடித்துக்கொள்ளுங்கள்: உடம்பில் செய்தி என்பது உத்தரவு அல்ல, விலகலைக் காட்டித் திருத்தத்தைத் தூண்டுவது. பேசியதற்கும் பின்னூட்டத்துக்கும் இடையில் இருப்பது அந்தத் திருத்தம்தான்.

## ‘சரிங்க’ என்ற ஒரே பதில்

அந்தப் பெண் கடைசியில் சொன்ன ‘சரிங்ணா’வை விட்டுவிட மனம் வரவில்லை. கொங்கு நாட்டில் ‘ங்க’ போட்டுப் பேசுவது நம் மரியாதை, நம் அழகு. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ‘சரிங்க’ என்பதற்கு நம்மிடம் எத்தனை பொருள் என்று எண்ணிப் பாருங்கள். புரிந்தது. செய்கிறேன். புரியவில்லை, ஆனாலும் கேட்க மாட்டேன். நீங்கள் சொல்வது தப்பு, சொல்லி என்ன ஆகப்போகிறது. ‘ஆகட்டுங்க’, ‘பார்க்கலாங்க’ கூட இப்படித்தான். மேலே இருப்பவர் காதில் நாலும் ஒன்றாகவே விழுகிறது.

ராஸ் ஆஷ்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1956-ல் ஒரு விதியைச் சொன்னார். வெளியிலிருந்து வரும் தொந்தரவுகள் எத்தனை விதமோ, அவற்றைச் சமாளிப்பவரிடம் அத்தனை விதமான பதில்களாவது இருக்க வேண்டும். இதைப் பதில்வகை விதி என்று வைத்துக்கொள்வோம். நம் நோய் எதிர்ப்பு அமைப்பை நினைத்தால் உடனே விளங்கும். எந்தக் கிருமி வரும் என்று உடம்புக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் எண்ணற்ற வடிவங்களில் எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் செல்களை முதலிலேயே தயாராக வைத்திருக்கிறது. வந்த கிருமியோடு பொருந்துவது பெருகுகிறது. ஒரே வடிவம்தான் என்றால் முதல் புதுக் கிருமியிலேயே கதை முடிந்துவிடும்.

நூறு விதமாகக் கெடக்கூடிய வேலைக்கு ‘சரிங்க’ என்ற ஒரே பதில் போதாது. நான் பார்த்த ஒரு யூனிட்டில் செக்கிங் டேபிளில் மூன்று நிறத்துணிக் கீற்றுகள் வைத்தார்கள். தையல் கோளாறுக்கு ஒன்று, துணிக் கோளாறுக்கு ஒன்று, ‘என்னவென்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் சரியில்லை’ என்பதற்கு ஒன்று. அந்த மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வாய் திறந்து மறுத்துப் பேசக் கூச்சப்படுகிறவருக்கும் அது ஒரு பதில்வகையைக் கொடுக்கிறது.

## சுவருக்கு வெளியே

லுட்விக் வான் பெர்டலன்ஃபி 1901-ல் வியன்னா அருகே பிறந்த உயிரியலாளர். உயிருள்ளது எதுவும் மூடிய பெட்டி அல்ல, வெளியிலிருந்து எடுத்து வெளியே விட்டுக்கொண்டே தன்னைக் காத்துக்கொள்கிறது என்று அவர் விளக்கினார். இதற்குத் திறந்த அமைப்பு என்று பெயர். 1966-ல் டேனியல் காட்ஸும் ராபர்ட் கானும் நிறுவனங்களை இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதினார்கள். பஞ்சும் நூலும் மட்டும் உள்ளே வருவதில்லை, செய்தியும் வருகிறது. பனியன் மட்டும் வெளியே போவதில்லை, கழிவும் போகிறது. அந்தக் கழிவு என்ன செய்கிறது என்ற செய்தி திரும்பி உள்ளே வந்தாக வேண்டும்.

இதற்கு நமக்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டாம், நொய்யல் போதும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேரும் ஆறு. சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று அணை கட்டினார்கள். 1990-களில் அதில் சாயக்கழிவு தேங்கியது. கீழே இருந்த விவசாயிகள், அணை கட்டியது யாருக்காகவோ அவர்களே, ‘இந்தத் தண்ணீரை எங்கள் பக்கம் விடாதீர்கள்’ என்று சொல்ல வேண்டிய நிலை வந்தது. கிணறு உப்பானது, தென்னை பட்டது. அந்தச் செய்தி ஊருக்கு ஊர் சொல்லப்பட்டது, மனுவாகவும் வழக்காகவும் வந்தது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரே நாளில் ஊரின் தொழில் தடுமாறியது.

அன்று பலரும் ‘திடீரென்று மூடிவிட்டார்கள்’ என்று பேசினார்கள். திடீரென்று அல்ல. ஆறு பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்கும் காது சுவருக்கு உள்ளே இல்லை. பின்னூட்டம் தாமதமானால் திருத்தம் சின்னதாக இருக்காது என்பது உடலியலில் தெரிந்த விஷயம். சர்க்கரை ஏறுவதைப் பத்து வருடம் கழித்துக் காலில் புண் வந்த பிறகு கண்டுபிடிப்பதும் இதுதான். இன்று ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற விதியோடு பட்டறைகள் ஓடுகின்றன. அந்த விதி வருவதற்குள் நொய்யல் கரைக்காரர்கள் கொடுத்த விலையை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும்.

## பையர் மெயிலும் காங்கேயம் காளையும்

‘வலுத்தவன்தான் பிழைப்பான்’ என்பது டார்வின் சொன்னது என்று நினைக்கிறோம். அந்தத் தொடர் ஹெர்பர்ட் ஸ்பென்சருடையது, டார்வின் பிறகு எடுத்துக்கொண்டார். அதிலும் வலிமை பற்றிய பேச்சே இல்லை, சூழலுக்குப் பொருந்துவதுதான் பேச்சு. 1859-ல் டார்வின் தன் விளக்கத்தைத் தொடங்கியதே மனிதர்கள் வளர்க்கும் புறா, மாடு இவற்றிலிருந்துதான். நம் காங்கேயம் காளையை எடுத்துக்கொள்ளுங்கள். கன்றுகள் ஒன்றுபோல ஒன்று இருப்பதில்லை, அது வேறுபாடு. ஏற்றம் இறைக்கவும் பாரம் இழுக்கவும் தோதானதை வளர்ப்பவர் வைத்துக்கொள்கிறார், அது தேர்வு. அதன் குணம் அடுத்த தலைமுறைக்குப் போகிறது, அது தக்கவைப்பு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறைகளாகச் செய்த தேர்வு அந்த இனத்தின் உருவத்தில் இன்றும் தெரிகிறது. இயற்கையில் இதே மூன்றும் வளர்ப்பவர் இல்லாமலே நடக்கின்றன.

இந்த மூன்று படிகளும் அறிவு வளர்வதற்கும் பொருந்தும் என்று உளவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் காட்டினார். அதை எடுத்து, 1969-ல், நிறுவனங்களில் மனிதர்கள் குழப்பமான செய்திக்கு எப்படிப் பொருள் காண்கிறார்கள் என்று விளக்கியவர் கார்ல் வைக். இங்கே பிழைப்பதும் சாவதும் ஆட்கள் அல்ல, அர்த்தங்கள்.

ஒரு மெயில் வருகிறது: ‘ஹேண்ட்ஃபீல் எதிர்பார்த்தபடி இல்லை.’ அவ்வளவுதான். துணியைத் தொட்டால் கிடைக்கும் உணர்வு சரியில்லையாம். டையிங் மாஸ்டர் ‘சாஃப்ட்னர் போதவில்லை’ என்கிறார், துணியை மென்மையாக்கப் போடுவது அது. நிட்டிங் ஆள் ‘லூப் லெங்த் (பின்னல் கண்ணியின் நீளம்) மாறியிருக்கும்’ என்கிறார். துணியை அழுத்திச் சுருக்கும் காம்பாக்டிங்கில் ‘எங்களிடம் அழுத்தம் கூடிவிட்டதோ’ என்கிறார்கள். ஒரு மெயிலுக்கு மூன்று அர்த்தங்கள், இது வேறுபாடு. மேனேஜருக்கு நேரமில்லை, எது மலிவோ அதை எடுக்கிறார்: சாஃப்ட்னர். இது தேர்வு. அடுத்த சாம்பிளை பையர் ஒப்புக்கொள்கிறார், ஏன் ஒப்புக்கொண்டார் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு ‘அந்தப் பையர்னா சாஃப்ட்னர் தூக்கலாப் போடணும்’ என்பது கம்பெனியின் வேதவாக்காகிவிடுகிறது. இது தக்கவைப்பு. ஐந்து வருடம் கழித்துப் புதிதாக வந்த மெர்ச்சண்டைசருக்கும் அதையே சொல்லித் தருவார்கள்.

தக்கவைத்ததைப் பாதி நம்ப வேண்டும், பாதி சந்தேகிக்க வேண்டும் என்பது வைக் வலியுறுத்தியது. எனக்கு இந்தக் கோட்பாட்டில் மிகவும் பயனுள்ளதாகப் படுவது அதுதான். முதல் படியில் எத்தனை அர்த்தங்கள் மேசைக்கு வந்தன? அவற்றில் எதை, எந்தக் காரணத்தால் விட்டோம்? இந்த இரண்டையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தாலே போதும், தவறான அர்த்தம் வேதவாக்காகாது.

## புற்று கட்டுவது யார்?

காட்டோரம் ஆளுயரப் புற்று நிற்கிறதே, அதற்கு மேஸ்திரி யார்? ராணிக் கறையான் உத்தரவு போடுவதில்லை, அதன் வேலை முட்டையிடுவது. பிரெஞ்சு விலங்கியலாளர் பியர்-போல் கிராஸே 1959-ல் இதற்கு விடை சொன்னார். ஒரு கறையான் வைத்த மண்ணுருண்டையே அடுத்த கறையானை ‘இங்கே வை’ என்று தூண்டுகிறது. செய்த வேலையே அடுத்த வேலைக்குச் செய்தி. இதற்கு அவர் வைத்த பெயர் ஸ்டிக்மர்ஜி. தமிழில் தடவழிப் பேச்சு எனலாம்.

தையல் லைனில் இதை எந்நேரமும் காணலாம். ஓவர்லாக் தையல் முடிந்த பண்டில் (துணிக்கட்டு), அடுத்து பிளாட்லாக் தையல் போடும் டெய்லரின் பக்கத்தில் குவிகிறது. குவியல் உயர்ந்தால் யாரும் சொல்லாமலே, டெய்லருக்கு உதவியாகக் கைமடிக்கிற பெண் அந்தப் பக்கம் நகர்வார். கட்டிங் மாஸ்டர் துணியில் போட்ட சாக்பீஸ் கோடு, பண்டிலில் ஒட்டிய நம்பர், எல்லாம் வாய் திறக்காத பேச்சு. லைனைச் ‘சுத்தமாக’ வைக்கிறேன் என்று குவியலைக் கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்குள் போட்டால், அந்தப் பேச்சை அறுத்துவிடுகிறோம்.

எறும்புகளிடம் இன்னொரு நுணுக்கம் உண்டு. இரைக்குப் போகும் வழியில் அவை வைக்கும் மணம் கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடும். இரை தீர்ந்தால் புதிதாக மணம் வைப்பார் இல்லை, வழி தானே அழியும். நம் நோட்டீஸ் போர்டில் மூன்று வருடத்துக்கு முந்தைய சுற்றறிக்கை இன்னும் தொங்குகிறது. வாட்ஸ்அப் குழுவில் பழைய ஆர்டரின் அளவுப் பட்டியலும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில். மறையத் தெரியாத செய்தி, புதுச் செய்தியையும் கெடுக்கும்.

## கரி பூசிய தேனீக்கள்

தேனீ ஆடும் ஆட்டத்தில் பூ இருக்கும் திசையும் தூரமும் இருக்கிறது என்று கண்டுபிடித்த கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர், கூட்டைவிட்டுக் கிளம்பிக் கொத்தாகத் தொங்கிய தேனீக் கூட்டத்தின்மேல் சில தேனீக்கள் ஆடுவதைக் கண்டார். அவற்றின்மேல் மகரந்தம் இல்லை. கரியும் செங்கல்தூளும் படிந்திருந்தன. பூவுக்குப் போகவில்லை, புகைபோக்கிகளிலும் இடிந்த சுவர்களிலும் குடியிருக்கப் பொந்து தேடிவிட்டு வந்திருந்தன.

அவற்றைத் தொடர்ந்து ஆராய்ந்தவர் அமெரிக்கரான தாமஸ் சீலி. ஒரு தேனீ ஆடியதைப் பார்த்த இன்னொன்று அதை நம்பி அப்படியே ஆடிவிடுவதில்லை. தானே பறந்துபோய்ப் பொந்துக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வந்த பிறகுதான் ஆடுகிறது. நல்ல பொந்துக்கு நெடுநேரம், சுமாரானதற்குக் கொஞ்ச நேரம். போதுமான எண்ணிக்கை ஒரே இடத்தில் சேர்ந்ததும் கூட்டம் கிளம்புகிறது. குழுவில் வந்த செய்தியைத் திறந்துகூடப் பார்க்காமல் அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடும் நமக்கும் தேனீக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு பறப்பு. ஜன்னலோரம் போய்ப் பார்த்துவிட்டுப் பேசிய அந்தப் பெண்ணை எனக்கு நினைவூட்டுவதும் இதுதான்.

## உவமை எங்கே நிற்கிறது

சிலர் இன்னும் தூரம் போனார்கள். ஒரு செல் தன்னைத்தானே உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது என்று சிலி நாட்டு உயிரியலாளர்கள் ஹும்பெர்த்தோ மதுரானாவும் ஃபிரான்சிஸ்கோ வரேலாவும் 1970-களில் விளக்கினார்கள். ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லஸ் லூமன் 1984-ல் அதைச் சமூகத்துக்குக் கொண்டுவந்தார்: பேச்சு அடுத்த பேச்சை உண்டாக்குகிறது, நிறுவனம் என்பது அந்தப் பேச்சுகளின் தொடர்ச்சி, ஆட்கள் அதற்குச் சூழல் மட்டுமே. ஆட்கள் எல்லாம் மாறிய பிறகும் காலை ஒன்பது மணி மீட்டிங்கில் அதே சண்டை நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் உண்மை இருப்பது தெரியும். ஆனால் சமூகத்துக்கு இதை நீட்டுவதில் வரேலாவுக்கே தயக்கம் இருந்தது. எனக்கும் இருக்கிறது.

செல்லுக்குச் சம்பளம் இல்லை. கைக்கும் வயிற்றுக்கும் தனித்தனி லாபநட்டம் இல்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போன டெய்லர் திரும்பும்போது பக்கத்துக் கம்பெனியில் சேரலாம், எந்தக் கையும் அப்படி இன்னோர் உடம்புக்குப் போவதில்லை. ஆகவே ‘நாமெல்லாம் ஒரே உடம்பு’ என்று சொல்லி ஒருவர் வாயை அடைப்பதற்கு உயிரியலைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது. உயிரியலிடமிருந்து எடுக்க வேண்டியது உருவத்தை அல்ல, உள்ளே ஓடும் முறையை: வட்டம், பதில்வகை, திறந்த சுவர், தேர்வு, தடம்.

போன மாதம் பெருமாநல்லூர் பக்கம் ஒரு யூனிட்டில் செக்கிங், கைமடிப் பெண்களுக்கு வகுப்பெடுத்தேன். பலகையில் ஒரு தோசைக்கல்லும் ஒரு கையும் மட்டும் வரைந்து, முதலிலிருந்து இதையெல்லாம் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா கேட்டார்: “கையே எல்லாம் பார்த்துக்கிச்சுன்னா, மூளைக்கு என்னங்க வேலை?”

நான் பதில் தேடுவதற்குள் பக்கத்தில் இருந்தவர் சொல்லிவிட்டார். “ஏனுங்க்கா, நிறையப் பால் காய்ச்சின குண்டானை இறக்குறோம். துணி நழுவிக் கை சுடுது. கீழ போட்டர்றோமா? பல்லைக் கடிச்சுட்டு மேடையில வெச்சுட்டுத்தானே கையை உதறறோம். குண்டானுக்குள்ள என்ன இருக்குதுன்னு கைக்குத் தெரியாதுங்க்கா, மூளைக்குத்தான் தெரியும்.”

உடலியல் நூலும் அதையேதான் சொல்கிறது. தண்டுவடத்தின் அனிச்சையை மூளையால் அடக்கிப் பிடிக்க முடியும். அடுத்த வகுப்பில் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பால் குண்டானையும் வரைந்தேன்.